பின்கட்டுத் தோட்டத்தில் பூவுக்கும் வண்டுக்கும் பற்று வரவு எழுதும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளின் பின்கட்டில் கத்தரியும் புடலையும் போடுபவர்கள், பூத்தும் காய் பிடிக்காவிட்டால் உடனே உரத்தைத் தேடுகிறார்கள். அதற்கு முன், எந்தப் பூவுக்கு எந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்று இரண்டு நாள் எழுதிப் பார்க்க வேண்டும். பேரேடு எழுதிப் பழகிய ஊருக்கு இது பெரிய வேலையன்று.

பூ, மலரும் நேரம், வந்த உயிர், அது எடுத்ததும் (பற்று) கொடுத்ததும் (வரவு) என நான்கு பத்திகள் போதும். ஓர் உயிர் எந்நேரத்தில், எவ்வளவு வெப்பத்தில், எதை உண்டு, எங்கே கூடு கட்டி வாழ்கிறது என்பதெல்லாம் சேர்ந்ததே அதன் செயல்வாழிடம். ஓர் உயிரால் வாழ இயலும் முழு எல்லையையும், போட்டியாளர்கள் நெருக்கிய பின் அதற்கு மிஞ்சும் எல்லையையும் 1957இல் சூழலியலாளர் ஹட்சின்சன் பிரித்துக் காட்டினார். நாம் எழுதுவது மிஞ்சிய எல்லையை.

பூசணி விடியலில் மலரும். பீர்க்கு பொழுது சாயும்போது. புடலையோ இருட்டிய பின் வெள்ளை நூல் பிரிந்தாற்போல் விரிந்து அந்துப்பூச்சிக்குக் காத்திருக்கும். பகலில் மட்டும் எழுதிய கணக்கு அரைக்கணக்கே.

கத்தரியிடம் கூடுதல் நேரம் உட்காரவும். அதன் மகரந்தப்பை பக்கவாட்டில் வெடிப்பதில்லை. நுனியில் சிறு துளைதான் உண்டு. காற்று ஆட்டினால் கொஞ்சம் உதிரும். மரத்தைக் குடைந்து கூடு கட்டும் பெரிய கறுப்புத் தேனீயான கருவண்டும், நீலவரித் தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு, சிறகை அசைக்காமலே, பறப்பதற்கான தசைகளை அதிரவிடும். ரீங்காரம் சட்டென்று கூர்மையாகும்போது மகரந்தம் கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது என்பதால், கத்தரிக்காகத் தேனீப்பெட்டி வாங்குவது வீண்செலவு. ஐயமிருந்தால், பூவின் கீழே கறுப்புக் காகிதத்தைப் பிடித்து, ஓடுகின்ற மின் பல்துலக்கியின் முதுகால் மகரந்தப்பையைத் தொட்டுப் பார்க்கலாம்.

இதே கருவண்டு, நீண்ட குழல் பூக்களில் அடியைத் துளைத்துத் தேனை மட்டும் குடித்துவிட்டுப் போவதும் உண்டு. அதைப் பற்றில் மட்டும் எழுதவும். கூட்டுவாழ்வு என்பது நட்பன்று, இருபக்கமும் ஆதாயம் உள்ளவரை நடக்கும் கொடுக்கல் வாங்கல்.

கத்தரியின் வரி வெறுமையாக இருந்தால், பட்ட மரக்கட்டையையும் மூங்கிலையும் கருவண்டுக்காக விட்டுவைக்கவும். தோட்டம் முழுதும் சிமெண்ட் பூசாமல் நீலவரித் தேனீ குடைவதற்குச் செம்மண் தரையை ஓரிடத்தில் வெறுமையாக விடவும். கத்தரி பூக்காத மாதங்களில் அவற்றுக்கு மகரந்தம் கிடைக்க வேலியோரத்தில் ஆவாரை வைக்கலாம். மருந்து அடித்தே தீர வேண்டுமென்றால் கத்தரிக்கு அந்தி சாய்ந்த பின் அடிக்கவும். புடலைப் பந்தலின் பக்கம் அந்த நேரமும் ஆகாது.