முதல்முறை செராமிக் கண்காட்சிக்குப் போகிறீர்களா? இப்படிப் பாருங்கள்

ஓவியக் கண்காட்சிகளுக்குப் போய்ப் பழகியவர்கள்கூட, செராமிக், அதாவது மண்ணைச் சுட்டுச் செய்யும் பீங்கானும் சுடுமண்ணும், வைத்திருக்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். ஒரு கிண்ணம் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கிண்ணம். அதற்கு அடுத்து ஆள் உயரத்தில் ஏதோ ஓர் உருவம். அழகாக இருக்கிறது, சரி, அப்புறம்? ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டே பார்ப்பதால் வரும் சிக்கல் இது என்று நினைக்கிறேன். செராமிக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதை எப்படிச் செய்தார்கள்?" கை மண்ணை என்ன செய்தது, நெருப்பு அந்த மண்ணை என்ன செய்தது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால், அர்த்தத்தில் பாதி தானாகவே பிடிபடும். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: கண்காட்சியைத் தேர்ந்தெடுப்பது

பெரிய பன்னாட்டுக் கண்காட்சிகள் பல இருக்கின்றன. இத்தாலியின் ஃபயன்ஸா நகரில் 1938இல் தொடங்கிய செராமிக் போட்டி, ஜப்பானின் மினோ பகுதியில் 1986 முதல் நடக்கும் விழா, தென்கொரியாவின் கியோங்கி மாகாணத்தில் 2001இல் ஆரம்பித்த பியெனாலே (ஈராண்டுக்கு ஒருமுறை நடப்பது), 2018இல் ஜெய்ப்பூரில் முதன்முறையாக நடந்த இந்திய செராமிக் டிரையெனாலே (மூன்றாண்டுக்கு ஒருமுறை என்ற பொருளில்). இவற்றில் பல நாட்டுக் கலைஞர்களின் படைப்புகளை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

ஆனாலும் முதல்முறை போகிறவருக்கு நான் இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே கலைஞரின் தனிக்கண்காட்சிக்குப் போங்கள். ஒரே கையின் முப்பது படைப்புகளைத் தொடர்ந்து பார்க்கும்போது, அந்தக் கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, எங்கே துணிந்து மாற்றுகிறது என்று புரியும். நூறு பேரின் படைப்புகளை ஆளுக்கு ஒன்றாகப் பார்த்தால் கண் களைத்துப்போகும். நினைவில் எதுவும் தங்காது. பெரிய கண்காட்சிகளுக்குக் கண் பழகிய பிறகு போகலாம்.

படி 2: உள்ளே நுழையும்போது

முதுகுப் பையை வெளியே வைத்துவிடுங்கள், முடியாவிட்டால் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது உங்கள் பை எதில் இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. தொங்கும் துப்பட்டா, நீளமான கேமரா வார் எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

படி 3: முதல் சுற்றில் எதையும் படிக்காதீர்கள்

சுவரில் உள்ள அறிமுகக் குறிப்பு, படைப்புக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அட்டை, எதையும் முதல் சுற்றில் படிக்க வேண்டாம். கூடம் முழுக்க ஒருமுறை நடந்து வாருங்கள். எந்த மூன்று படைப்புகளின் முன் கால் தானாக நின்றதோ, அவற்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்ததால் நின்றீர்களா, பிடிக்காததால் நின்றீர்களா என்பது முக்கியமில்லை. இனி வரும் படிகளை இந்த மூன்றிலும் செய்து பார்த்தால் போதும்.

படி 4: என்ன மண் என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும். முதலாவது, சுமார் 1000 முதல் 1150 டிகிரி செல்சியஸ் வரை சுடப்படும் சாதாரணச் சுடுமண். செம்மையாகவோ பழுப்பாகவோ இருக்கும், உள்ளே நுண்துளைகள் இருக்கும், பார்க்கும்போதே கொஞ்சம் மென்மையாகத் தெரியும். இரண்டாவது, 1200 முதல் 1300 டிகிரி வரை போகும் ஸ்டோன்வேர். கல் போல இறுகியது, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், பெரும்பாலும் மணல் மணலாகத் தெரியும்.

மூன்றாவது பீங்கான். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்களையும் சேர்த்து, ஏறக்குறைய 1250 முதல் 1400 டிகிரி வரை சுடுகிறார்கள். அந்த வெப்பத்தில் உடலின் ஒரு பகுதி கண்ணாடியாக உருகி மற்றதைப் பிணைத்துவிடும். அதனால்தான் மெல்லிய பீங்கானுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் ஒளி ஊடுருவி வருகிறது. வெள்ளைப் படைப்பு ஒன்றைப் பார்த்தால் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, விளிம்பில் ஒளி கசிகிறதா என்று கவனியுங்கள்.

மண் வகை தெரிந்தால் என்ன லாபம்? செய்தவர் எவ்வளவு துணிந்திருக்கிறார் என்பது தெரியும். பீங்கான் மண் பச்சையாக இருக்கும்போது திரிகையில், அதாவது குயவரின் சுழலும் சக்கரத்தில், எளிதில் வசப்படாது. சூளையின் உச்ச வெப்பத்தில் இளகித் தொய்யும். காய்ந்து சுட்டு முடிவதற்குள் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கும். ஆகவே அகலமான, மெல்லிய, தட்டையான ஒரு பீங்கான் தட்டு வளையாமல் வெளியே வந்திருந்தால் அதன் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சுடுமண்ணில் மூன்று அடி உயரம் எழுப்புவதைவிட அது கடினமான வேலையாக இருக்கலாம்.

படி 5: கையின் தடயத்தைத் தேடுங்கள்

குனிய வேண்டும், எட்டிப் பார்க்க வேண்டும், சுற்றி நடக்க வேண்டும். நேராக நின்று பார்த்தால் செராமிக்கில் பாதி தெரியாது.

பாத்திரமாக இருந்தால் உள்பக்கம் பாருங்கள். அடியிலிருந்து சுருளாக ஏறும் மெல்லிய வரிகள் இருந்தால் திரிகையில் எழுப்பியது. வெளியே வரிகளைச் சீவி எடுத்திருந்தாலும் உள்ளே விட்டுவைப்பது வழக்கம். வரிகள் இல்லாமல், மேற்பரப்பு லேசாக மேடுபள்ளமாக இருந்தால், மண்ணைத் திரி திரியாக உருட்டி அடுக்கி எழுப்பியிருக்கலாம். தட்டையான பக்கங்களும் கூர்மையான மூலைகளும் இருந்தால் தகடாகத் தட்டி இணைத்தது. சுவரின் தடிமன் எங்கும் ஒரே சீராக இருந்து, மேலே மெல்லிய இணைப்புக்கோடு தெரிந்தால், மண்கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுத்தது. இப்போது இன்னொரு வகையும் வந்துவிட்டது: அளவெடுத்தது போல ஒரே கனத்தில் அடுக்கடுக்காகக் கிடைமட்டக் கோடுகள் இருந்தால், அது முப்பரிமாண அச்சுப்பொறியில் பிழிந்து எடுத்த மண்.

கென்யாவில் பிறந்த மாக்டலீன் ஓடுண்டோவின் கலங்களை இந்தப் பழக்கத்தோடு பார்த்தால் திகைப்பாக இருக்கும். அவ்வளவு சமச்சீரான வயிறு, கழுத்து, விரிந்த வாய், எல்லாம் திரிகை இல்லாமல் கையால் எழுப்பப்பட்டவை. அந்தப் பளபளப்புக்குக் கண்ணாடிப் பூச்சு எதுவும் காரணமில்லை. நுண்ணிய மண்கூழைப் பூசித் தேய்த்துத் தேய்த்து வரவழைத்தது. ஆரஞ்சு நிறக் கலம் ஒன்றும் கறுப்புக் கலம் ஒன்றும் அடுத்தடுத்து இருந்தால் இரண்டும் வேறு மண் என்று நினைக்கத் தோன்றும். மண் ஒன்றுதான். காற்றோட்டத்தோடு சுட்டால் ஆரஞ்சு, புகையில் மூச்சடைக்கச் சுட்டால் கறுப்பு.

பெரிய சிற்பங்களில் இணைப்புகளைத் தேடுங்கள். தடித்த மண்ணுக்குள் ஈரம் மிச்சம் இருந்தால் அது ஆவியாகி, சூளைக்குள் படைப்பையே வெடிக்கச் செய்யும். அதனால் ஆள் உயர உருவங்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம்தான். சூளையில் அடங்காத அளவென்றால் துண்டுகளாகச் சுட்டுப் பிறகு பொருத்துவார்கள். அந்தப் பிரிவுக்கோட்டை மறைக்கிறாரா, தெரியவே விடுகிறாரா என்பதும் கலைஞர் எடுத்த முடிவு.

படி 6: நெருப்பின் தடயத்தைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

மேலே உள்ள கண்ணாடி போன்ற பூச்சைக் கிளேஸ் என்கிறோம். அது உருகும்போது நகரும். விளிம்பில் மெலிந்து, அடியில் திரண்டு, செதுக்கிய பள்ளங்களில் தேங்கி நிற்கும். தேங்கிய இடத்தில் நிறம் ஆழமாகவும், விளிம்பில் மண்ணின் நிறம் எட்டிப் பார்ப்பதாகவும் இருக்கும். ஒரே பூச்சு இரண்டு மூன்று நிறமாகத் தெரிவதன் காரணம் பல நேரம் இதுதான்.

நிறத்தைத் தருபவை உலோக ஆக்சைடுகள். கோபால்ட் நீலம் தரும். இரும்பு, அளவைப் பொறுத்து, தேன் நிறத்திலிருந்து கருமை வரை போகும். மிகக் கொஞ்சமாகச் சேர்த்து ஆக்சிஜன் குறைந்த சூளையில் சுட்டால் செலடான் என்ற அந்த மங்கிய பச்சை வரும். செம்பின் குணம் இன்னும் அதிசயமானது. தாராளமாகக் காற்று கிடைத்தால் பச்சை, காற்றைக் குறைத்தால் இரத்தச் சிவப்பு. ஒரே கிண்ணத்தில் சிவப்பும் பச்சைத் திட்டும் சேர்ந்து இருந்தால், சூளைக்குள் காற்று அந்த இடத்தில் எப்படிச் சுழன்றது என்பதையே பார்க்கிறீர்கள்.

விறகுச் சூளையில் சுட்ட படைப்பை முழுதாகச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் சாம்பல் படிந்து, அதுவே உருகிப் பூச்சாகி வழிந்திருக்கும். தீ வந்த திசை அது. மறுபக்கம் வெற்று மண் சிவந்திருக்கும். சில படைப்புகளில் சிப்பியின் வரிகள் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். பூச்சு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சிப்பிகளை முட்டுக்கொடுத்துச் சுட்டதன் அடையாளம் அது.

கிளேஸில் வலை போல மெல்லிய வெடிப்புகள் இருந்தால் குறை என்று உடனே முடிவு செய்யாதீர்கள். குளிரும்போது பூச்சு, அடியில் உள்ள மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் இப்படி ஆகும். பலர் வேண்டுமென்றே வரவழைத்து, அதில் மை தேய்த்துக் கோடுகளை எடுத்துக் காட்டுவார்கள். உடலையே பிளந்த விரிசல் வேறு விஷயம். அதையும் சிலர் தேடிப் போகிறார்கள். 1950களில் அமெரிக்காவின் பீட்டர் வோல்கோஸ் மண்ணைக் கிழித்தும் குத்தியும் அடுக்கியும் செய்த படைப்புகளுக்குப் பிறகு, விரிசலை ஒளித்து வைக்க வேண்டிய கட்டாயம் செராமிக்கில் இல்லாமல் போனது. ஒரு விரிசலைக் கண்டால் அதன் ஓரத்தைப் பாருங்கள். பூச்சு விரிசலுக்குள் இறங்கியிருந்தால் அது பூச்சு உருகுவதற்கு முன்பே இருந்தது. கலைஞர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார் என்று பெரும்பாலும் சொல்லலாம்.

படி 7: எத்தனை, எங்கே, எப்படி வைத்திருக்கிறார்கள்

சமகால செராமிக்கில் தனி ஒரு பொருள் மட்டுமே படைப்பாக இருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையும் இடமும் சேர்ந்து படைப்பாகின்றன.

2010இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் பரப்பிய சூரியகாந்தி விதைகள் சுமார் 10 கோடி. எல்லாம் பீங்கான். பீங்கானுக்குப் பெயர்போன சீன நகரமான ஜிங்டெஜென்னில் சுமார் 1,600 பேர் சேர்ந்து செய்து, கையால் வண்ணம் தீட்டியவை. தூரத்தில் இருந்து பார்த்தால் சாம்பல் நிறத் தரை. குனிந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் இழுத்த கோடு. முதலில் பார்வையாளர்கள் அதன் மேல் நடந்தார்கள். பீங்கான் தூசி உடம்புக்கு ஆகாது என்பதால் சில நாட்களில் அதை நிறுத்திவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 2006இல், கிளேர் டூமி லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 4,000 சின்ன நீலப் பறவைகளை வைத்தார். வந்தவர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போக, கூடம் காலியானது. அந்தக் காலியாவதும் படைப்பின் பகுதி. அதே அருங்காட்சியகத்தில் 2009இல் எட்மண்ட் டி வால் 425 பீங்கான் கலங்களைச் சிவப்பு உலோக அலமாரி ஒன்றில், குவிமாடத்தின் உயரத்தில் வளையமாக அடுக்கினார். கீழிருந்து அண்ணாந்துதான் பார்க்க முடியும். எதையும் தெளிவாகப் பார்க்க முடியாது. நினைவில் இருப்பதைப் பார்ப்பது போன்ற அந்த மங்கலையே அவர் விரும்பினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சுடாத மண்ணும் கண்காட்சிக்கு வருகிறது. ஃபீபி கம்மிங்ஸ் பச்சை மண்ணால் பூக்கள் நிறைந்த நீரூற்று ஒன்றைச் செய்தார். தண்ணீர் ஓட ஓட அது கரைந்தது. 2017இல் அதற்குப் பரிசும் கிடைத்தது.

ஆகவே உங்கள் மூன்று படைப்புகளின் முன் நின்று கேளுங்கள்: இது ஒன்றே ஒன்றாக இருந்தால் என்ன இழக்கும்? நூறாக இருந்தால்? கண் மட்டத்துக்குக் கீழே ஏன் வைத்திருக்கிறார்கள்? கண்ணாடிப் பெட்டிக்குள் ஏன்?

படி 8: இப்போது படியுங்கள்

இனி அந்தச் சின்ன அட்டைகளைப் படிக்கலாம். "பீங்கான், அச்சு வார்ப்பு, செலடான் கிளேஸ்" அல்லது "ஸ்டோன்வேர், விறகுச் சூளை" என்று இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். நீங்கள் ஊகித்ததோடு ஒப்பிடுங்கள். ஊகம் தவறினால் திரும்பப் போய் எந்த அடையாளம் ஏமாற்றியது என்று பாருங்கள். கண் பழகுவது இங்கேதான். கலைஞரின் நீண்ட விளக்கவுரையைக் கடைசியாகப் படியுங்கள். படைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை உரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அதை நம்பியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

படி 9: கலைஞர் அங்கே இருந்தால்

"இது என்ன?" என்று கேட்பதைவிட, "இதில் எந்தக் கட்டம் கடினமாக இருந்தது?", "இப்படி ஒன்று வர எத்தனை உடைந்தன?" என்று கேளுங்கள். மண் வேலை செய்பவர்கள் சூளையைப் பற்றிப் பேசச் சலிப்பதே இல்லை.

விற்பனைக் கண்காட்சியாக இருந்தால் எடுத்துப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். சரி என்றால் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு, கைப்பிடியையோ விளிம்பையோ பிடிக்காமல், ஒரு கை அடியிலும் ஒரு கை பக்கத்திலும் வைத்து, மேசைக்கு மேலேயே தாழ்வாகத் தூக்குங்கள். முதலில் எடையைக் கவனியுங்கள். கண் நினைத்ததைவிடக் கனமா, லேசா? அப்புறம் மூடி இருந்தால் அதை எடுத்து வைத்துவிட்டு, மெதுவாகக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அங்கே பெரும்பாலும் பூச்சு இருக்காது. படைப்பு முழுக்கப் பூச்சு மூடியிருந்தாலும், என்ன மண் என்று வெளிப்படையாகத் தெரியும் இடம் அந்த அடிவளையம். செய்தவரின் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கண்காட்சியில் அதே கையைத் தேட உதவும்.