கடலோர மில்லில் பைப் லைன் கறள் பிடிக்காமல், ஒழுகாமல் இருக்க: மரையிலிருந்து தொடங்குங்கள்

கல்முனை, காரைதீவு, நிந்தவூர் என்று கடலுக்குக் கிட்ட இருக்கிற எந்த அரிசி மில்லுக்குப் போனாலும் பைப் லைனைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நீட்டுப் பைப்பில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எல்போ என்கிற வளைவு மூட்டுக்குள் பைப் நுழைகிற இடம், மூன்று வாய் உள்ள டீ மூட்டு, கழற்றி மாட்டும் யூனியன், வால்வின் இரண்டு பக்கம், இங்கேதான் கறள் பொருக்குப் பொருக்காக நிற்கும். மரை, அதாவது பைப்பைத் திருகி மாட்டும் புரி, வெட்டும்போது மேலே இருக்கிற நாகப் (துத்தநாகப்) பூச்சு முழுதாகப் போய்விடுகிறது, பைப்பின் தடிப்பும் அந்த இடத்தில் குறைந்துவிடுகிறது. உப்புக் காற்றுக்கு அது போதும். ஆகவே லைனைக் காப்பாற்றுகிற வேலை பெயின்ட் டப்பாவைத் திறக்கிற அன்றைக்கு அல்ல, மரை வெட்டுகிற அன்றைக்கே தொடங்குகிறது.

முதலில் எந்த லைனுக்கு எந்தப் பைப் என்று முடிவெடுங்கள். பச்சைத் தண்ணீர் லைனுக்கு ஜிஐ, அதாவது நாகம் பூசிய இரும்புப் பைப், நல்லது. நெல் ஊறப்போடும் சுடுதண்ணீர் லைனுக்கு ஜிஐ வேண்டாம். தண்ணீர் ஏறக்குறைய 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் சில வகைத் தண்ணீரில் நாகம் இரும்பைக் காக்கும் வேலையை விட்டுவிடும், அப்புறம் உள்ளே புள்ளி புள்ளியாகக் குழி விழும். அந்தச் சூட்டுக்குச் சாதாரண பிவிசி பைப்பும் தாங்காது, இளகிவிடும். நீராவி லைனுக்குத் தடிப்பான கறுப்பு இரும்புப் பைப்தான். செம்புப் பைப்பை ஜிஐக்கு முன்னால் போடாதீர்கள். செம்பில் பட்டு வரும் தண்ணீர் பின்னால் இருக்கிற ஜிஐயைத் தின்னும்.

இனி மரை. பைப் வெட்டியதும் உள் வாயில் நிற்கிற பிசிரை அரத்தால் எடுங்கள். மரை வெட்டுகிற டைக்கு எண்ணெய் தாராளமாக விடுங்கள். எண்ணெய் இல்லாமல் வெட்டினால் மரை கிழிந்து வரும், கிழிந்த மரையை எந்த டெஃப்லோன் டேப்பாலும் அடைக்க முடியாது. வெட்டி முடிந்ததும் எண்ணெயையும் இரும்புத் தூளையும் துணியால் துடைத்துச் சுத்தமாக்குங்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் ஒரேயொரு அரை அங்குல மூட்டு மட்டும் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது. கழற்றினோம், டேப் சுற்றினோம், இறுக்கினோம், திரும்பவும் மரையைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வால்வு ஒரு பழைய வெளிநாட்டு மெசினோடு வந்தது. கடைசியில் அந்த வால்வையும் நம் ஊர் நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள சின்னப் பைப் துண்டு) ஒன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: நம்மிடம் கிடைப்பது பிரித்தானிய பிஎஸ்பி மரை, வால்வில் இருந்தது அமெரிக்க என்பிடி மரை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான், அதனால் கையால் போட்டால் அழகாக ஏறும், பொருந்திவிட்டது என்றே நினைப்போம். ஆனால் பிஎஸ்பியின் மரைக் கோணம் 55 பாகை, என்பிடியில் 60 பாகை. பிஎஸ்பியின் முனை உருண்டிருக்கும், என்பிடியின் முனை தட்டையாக வெட்டியது போல இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சுருளாக ஒரு இடைவெளி விழுந்துவிடும், தண்ணீருக்கு அது வழி. ஒரு அங்குலப் பைப்பில் சிக்கல் சீக்கிரம் தெரிந்துவிடும்: பிஎஸ்பிக்கு 11 புரி, என்பிடிக்கு 11.5, சில சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். பைப் ரெஞ்சுக்கு நீட்டுக் குழாய் மாட்டி அதை அமுக்கி இறுக்காதீர்கள், சொக்கட் வெடிக்கும். ஒரு பக்கம் என்பிடி, மறுபக்கம் பிஎஸ்பி உள்ள அடப்டர் வாங்கிப் போடுங்கள், வேறு வழி இல்லை. பழைய மெசின் வாங்குகிறவர்கள் வால்வு, அழுத்தம் காட்டும் கேஜ், ஆறிய தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் ட்ராப் எல்லாவற்றின் மரையையும் பொருத்த முதல் பார்த்துவிடுங்கள்.

டேப் சுற்றும்போது பைப்பின் வாய் உங்களைப் பார்க்கிற மாதிரி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்து இறுக்கிச் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் இறுக்கும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். முதல் மரையை வெறுமையாக விடுங்கள், டேப் துண்டு உள்ளே விழுந்தால் வால்வில் போய் அடைக்கும். தண்ணீர் லைனுக்கு நான் சணலும் பேஸ்ட்டும்தான் விரும்புவேன். எல்போவை நேராக்கக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினாலும் சணல் பெரும்பாலும் தாங்கும், டேப் போட்ட மூட்டைப் பின்னுக்குத் திருப்பினால் கழற்றித் திரும்பச் சுற்றத்தான் வேண்டும். நீராவிக்குச் சணல் வேண்டாம், சூட்டில் நாளடைவில் காய்ந்து கருகிவிடும். அங்கே தடிப்பான டெஃப்லோன் டேப், அல்லது நீராவிக்கென்றே விற்கும் பேஸ்ட். மிக மெல்லிய மலிவு டேப்பை வாங்கவே வாங்காதீர்கள்.

இறுக்கிய பிறகு இரண்டு மூன்று மரை வெளியே தெரியும். பலர் விட்டுவிடுகிற இடம் இதுதான், கறளும் இங்கிருந்துதான் பிடிக்கும். ஜிஐ லைன் என்றால் கீழே சொல்லும் சோதனை முடிந்ததும் துடைத்து, அன்றைக்கே நாகத்தூள் கலந்த பெயின்ட்டைச் சின்னத் தூரிகையால் மரையின் பள்ளத்துக்குள் போகிற மாதிரி பூசுங்கள்.

பெயின்ட்டும் சுற்றும் துணியும் மூடுமுன் சோதனை. ஓடுகிற அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு: 4 பாரில் ஓடும் லைன் என்றால் 6 பார், அரை மணி நேரம். சேஃப்டி வால்வையும் ட்ராப்பையும் தாங்காத கேஜையும் முதலில் கழற்றி அடையுங்கள். தண்ணீரைக் கீழிருந்து ஏற்றி, மேலே ஒரு வாயைத் திறந்து காற்று முழுக்கப் போன பிறகு கைப்பம்பால் அழுத்தம் கொடுங்கள். கொம்ப்ரசர் காற்றை வைத்து இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. தண்ணீர் லைன் விட்டால் பீச்சும், அவ்வளவுதான். காற்று விட்டால் இரும்புத் துண்டு பறக்கும், ஆள் போய்விடும். அழுத்தம் இருக்கும்போது மூட்டை இறுக்கவும் வேண்டாம்.

இனிப் பெயின்ட். நம் பக்கத்தில் வயர் பிரஷ் போட்டவுடன் பெயின்ட் அடிப்பது வழக்கம். அதற்கு முன் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீரும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத உப்பு பெயின்ட்டுக்கு அடியில் இருந்தால் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பிவிடும். கழுவிக் காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர், விடிய அடிக்கலாம் என்று விட்டால் புதுக் கறள் வந்துவிடும். கச்சான் காற்று வீசுகிற நாட்களில் காலையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்: காற்று தரைப்பக்கமிருந்து வரும், ஈரம் குறைவு. வாடைக் காலத்தில் தொடவே வேண்டாம்.

நீராவிப் பைப்புக்குச் சூடு போகாமல் காக்கும் ரொக்வுல் பஞ்சைச் சுற்றுவதற்கு முன்னும் பைப்புக்குச் சூடு தாங்கும் பெயின்ட் வேண்டும். மேலே போடும் தகட்டின் மூட்டு கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். மாரி மழை உள்ளே போனால் நனைந்த ரொக்வுல் பைப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே தெரியாமலே அரிக்கும். மில் ஓய்ந்து பைப் ஆறிக் கிடக்கும் மாதங்களில் இன்னும் மோசம்.

பின்சேர்க்கை 1: நீராவி ஆறித் தண்ணீராகித் திரும்பி வரும் லைன் மட்டும் ஏன் அடிப்பக்கம் மெலிகிறது என்று கேட்டிருந்தார்கள். அது வெளிக் கறள் அல்ல. நம் கிணற்றுத் தண்ணீரில் பைகாபனேற்று இருந்தால் பொயிலரில் அது உடைந்து காபனீரொட்சைட்டு வரும், ஆறிய தண்ணீரில் கரைந்து அமிலமாகிப் பைப்பின் அடியை வாய்க்கால் மாதிரி அரிக்கும். பெயின்ட் உதவாது. பொயிலர் தண்ணீரைச் சோதித்து மருந்து போட வேண்டும், லைனுக்குச் சரிவும் கொடுக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: வாழைச்சேனைப் பக்கம் ஐஸ் மில்லில் வேலை செய்யும் தம்பி ஒருவர், இதே முறையில் அங்கே பித்தளை வால்வு போடலாமா என்று கேட்டார். ஐஸ் மில்லில் குளிரூட்ட ஓடும் அமோனியா லைனில் பித்தளையோ செம்போ கூடாது, ஈரத்தோடு சேர்ந்த அமோனியா அதில் கீறல் விழ வைக்கும். இரும்பு வால்வுதான். 304 ஸ்டெயின்லெஸ் போட்டால் கறளே வராதா என்றும் கேட்டார். உப்புத் தண்ணீர் படுகிற இடத்தில் அதிலும் குழி விழும். மொலிப்டினம் என்கிற உலோகம் சேர்ந்த 316 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல். அமோனியா லைனைத் திறக்கிற எந்த வேலையையும் அந்த வேலை தெரிந்த பாஸ் (தொழிலாளி மேசன் போன்ற கைதேர்ந்தவர்) ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.