நரம்பைத் தாக்கும் எதிர்ப்பொருள்: ரத்தப் பரிசோதனையில் நடக்கும் தவறுகள்

காலில் இருந்து செருப்பு கழன்று விழுவதே தெரியாமல் என் சித்தப்பா உசிலம்பட்டிச் சந்தையில் நடந்தபோது, வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "சர்க்கரை இருக்குல்ல, அதான் மரத்துப் போகுது." இரண்டு மாதம் நரம்பு ஊசி போட்டோம். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தோம். உணர்ச்சி இல்லாத பாதத்தில் கொப்புளம்தான் வந்தது.

சர்க்கரையால் வரும் மதமதப்பு பெரும்பாலும் கால்விரலில் தொடங்கி, வருடக்கணக்கில் மெல்ல ஏறும். வாரக்கணக்கில் பலம் குறைந்து, குந்தி எழவோ பஸ் படி ஏறவோ முடியாமல் போனால் அதைச் சர்க்கரை என்று விட்டுவிடக் கூடாது. கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்களே நரம்பின் பாகங்களைத் தாக்கும் நோயாக அது இருக்கலாம்.

அந்த எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேட ஆன்டிபாடி டெஸ்ட் உண்டு. ஆனால் அதன் முடிவு வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைப்பது ஆபத்து. வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து ஓரிரு வாரத்தில் கால் தளர்ந்தால் ஜிபிஎஸ் எனப்படும் கில்லன் பாரே நோயாக இருக்கலாம். அது நாள்கணக்கில் ஏறி மூச்சுத் தசையையும் பிடித்துவிடலாம். பேச்சு திணறினால், விழுங்க முடியாவிட்டால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது. முதல் வாரத்தில் நரம்புக் கடத்தல் சோதனையும் முதுகுத்தண்டு நீரும் சரியாகவே காட்டலாம். அதை வைத்து "ஒன்றுமில்லை" என்று வீடு திரும்பிவிடாதீர்கள்.

எங்களுக்கு நேர்ந்த பெரிய தவறு வேறு. ஒரு தனியார் மருத்துவமனையில் ஐவிஐஜி மருந்தை, எடைக்குக் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில், 5 நாள் ஏற்றினார்கள். அப்புறம்தான் ஆன்டிபாடிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஐவிஐஜி என்பதே ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து, பிரித்த எதிர்ப்பொருள். அது உடம்பில் ஓடும்போது, முடிவில் தெரிவது நோயாளியுடையதா, கொடையாளிகளுடையதா என்று சொல்வது கடினம். இன்னொரு சிகிச்சையாக நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்து மாற்றினாலோ, உள்ள எதிர்ப்பொருளே வடிந்துபோய் இல்லாததுபோல் காட்டலாம். அதனால் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல், அது தொடங்கும் முன்பே "ஒரு ட்யூப் ரத்தம் எடுத்து வச்சிடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். உறைந்த ரத்தத்திலிருந்து தெளிந்து வரும் சீரத்தைப் பிரித்து உறைநிலையில் வைத்து, பிறகு அனுப்பலாம்.

காகிதத்தில் 'நெகட்டிவ்' என்றால் நோய் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெரும்பாலும் கை, மணிக்கட்டு தளரும் எம்எம்என் (மல்டிஃபோக்கல் மோட்டார் நியூரோபதி) என்ற நரம்பு நோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஜிஎம்1 எதிர்ப்பொருள் தெரிகிறது. கண் அசையாமல், நடை தள்ளாடும் மில்லர் ஃபிஷர் என்ற ஜிபிஎஸ் வகையில்தான் ஜிக்யூ1பி எதிர்ப்பொருள் பெரும்பாலோருக்குக் கிடைக்கிறது. லேசான 'பாசிட்டிவ்' மட்டும் வைத்து நோயை முடிவு செய்வதும் பிழை. கையையும் காலையும் சோதித்த டாக்டர்தான் அந்தக் காகிதத்துக்குப் பொருள் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு எல்லாவற்றுக்கும் கேட்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஜிபிஎஸ்-இல் அதனால் பயனில்லை. எம்எம்என்-இல் பலவீனம் கூடவும் செய்யலாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்த ரத்தத்தில் சித்தப்பாவுக்கு, நரம்பில் இருக்கும் நியூரோஃபாசின் 155 என்ற புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் தெரிந்தது. டீ கிளாஸ் பிடித்தால் கை நடுங்கியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. இந்த வகைக்கு ஐவிஐஜி பெரும்பாலும் சரியாகக் கேட்பதில்லை, ரிடுக்ஸிமாப் என்ற மருந்து பலருக்குக் கேட்கிறது. 2021-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறி இதை, மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு அழற்சியான சிஐடிபி நோயிலிருந்தே தனியாகப் பிரித்துவிட்டது.

இப்போது அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில், எந்த மருந்து எந்தத் தேதியில் ஏறியது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். ரத்தம் எடுக்கும் லேபிலும் அதைக் காட்டிவிட்டுத்தான் கையை நீட்டுகிறார்.