படையில் மறைக்காமல் பணிபுரியும் உரிமை: நாடாளுமன்றத்துக்கு மனு எழுதும் முறை

படையில் பணிபுரியும் தன்பாலீர்ப்பாளர்களின் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும், பணி முடிந்து ஊர் திரும்பியிருக்கும் என்னைப் போன்ற முன்னாள் படைவீரர்களுக்கும் இதை எழுதுகிறேன். பணியில் இருப்பவர் இந்தக் கோரிக்கையைப் பொதுவெளியில் எழுப்ப இயலாது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 21ஆம் பிரிவும், 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளும் அவர் பத்திரிகைக்கு எழுதுவதையும் சங்கங்களில் சேர்வதையும் கட்டுப்படுத்துகின்றன. அவருக்காகக் கேட்கும் பொறுப்பு வெளியே இருக்கும் நம்முடையது.

பட்டாலியன் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் குடியிருக்கிறேன். மாசி மாதத்தில் ஒரு நாள், மஞ்சள் வேகவைக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, உறவுமுறைக்காரர் ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். விடுப்பில் வந்திருந்த அவருடைய இளைய மகன், முந்தைய இரவு தன்னைப் பற்றிய உண்மையை அவரிடம் சொல்லியிருக்கிறான். பாரக்கில் நண்பர்கள் கல்யாணப் பேச்சை எடுக்கும்போது காட்டுவதற்காக, தன் மாமன் மகளின் படத்தை நான்கு ஆண்டுகளாகப் பர்ஸில் வைத்திருப்பதாகவும் சொல்லியிருக்கிறான். கையில் ஒட்டியிருந்த மஞ்சளைத் துடைத்தபடியே அவர் கேட்டது ஒன்றுதான்: “ஏனுங்க மாமா, பையன் மேல கேஸ் ஏதாச்சும் வருமுங்களா?”

மனு எழுத உட்காருபவர் முதலில் இந்தக் கேள்விக்கான விடையைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். வயதுவந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தனர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், இத்தகைய உறவைக் குற்றமாக்கியிருந்த பழைய 377ஆம் பிரிவே இல்லை. ஆனால், படையினரின் அடிப்படை உரிமைகளை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 33ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அளித்திருக்கிறது. ராணுவச் சட்டத்தில் தன்பாலீர்ப்பு என்ற சொல் எங்கும் இல்லை. எனினும், கொடூரமான, ஆபாசமான அல்லது “இயற்கைக்கு மாறான” இழிநடத்தைக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறை விதிக்க 46ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு இடமளிக்கிறது. அதிகாரிகளுக்கும் ஜேசிஓக்கள் எனப்படும் இளநிலை ஆணைய அதிகாரிகளுக்கும் 45ஆம் பிரிவு, பதவிக்குப் பொருந்தாத நடத்தை என்ற பெயரில் வேலையையே பறிக்கக்கூடியது. ஒழுங்குக்கு ஊறு என்ற 63ஆம் பிரிவு எல்லோருக்கும் பொது. 2019 ஜனவரியில் அன்றைய ராணுவத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், இத்தகைய செயல்களை ராணுவத்தில் அனுமதிக்க மாட்டோம் என்றும், ராணுவச் சட்டப் பிரிவுகளின்கீழ் நடவடிக்கை எடுப்போம் என்றும் செய்தியாளர்களிடம் கூறினார். 2021 டிசம்பரில் சூலூரிலிருந்து புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து அவர் உயிரிழந்தபோது கண்ணீர் விட்டவர்களில் நானும் ஒருவன். அந்த மரியாதையோடுதான் அவருடைய இந்தக் கருத்தை மறுக்கிறேன்.

நீதிமன்றம் போனால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். 2023 ஜனவரியில், திருமணம் கடந்த உறவு பற்றிய 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு ராணுவச் சட்ட நடவடிக்கைகளைத் தொடாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் அளித்தது. இவ்விஷயத்திலும் அதே வாதம் எழும். அதனால் சட்டத்தை இயற்றிய இடத்திலேயே கேட்பதுதான் நேரான வழி என்று நான் கருதுகிறேன். 2018 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் ஜகதாம்பிகா பால், இதே நோக்கில் முப்படைச் சட்டங்களையும் திருத்தும் தனிநபர் மசோதாவை (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கொண்டுவந்தார் என்பதை மனுவில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். கோரிக்கை புதிதன்று என்பது அதனால் தெரியும்.

இனி, கோரிக்கையைச் சொல்லும் விதம். பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். 46ஆம் பிரிவை நீக்க வேண்டும் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். ஒரு மேலதிகாரி இளம் சிப்பாயை வற்புறுத்தினாலோ வன்முறைக்கு உள்ளாக்கினாலோ, அந்தச் சிப்பாய்க்கு இன்று பாதுகாப்பாக இருப்பது அந்தப் பிரிவுதான். புதிய குற்றவியல் சட்டத்தில் பாலியல் வல்லுறவுக்கான பிரிவு ஆணைப் பாதிக்கப்பட்டவராகக் கருதவில்லை என்பதால், இதையும் எடுத்துவிட்டால் அவனுக்கு எஞ்சுவது மிகக் குறைவு. நாம் கேட்பது, நடத்தைக்கும் ஆளுக்கும் இடையே ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்பதை மட்டுமே. அந்தப் பையனின் பெற்றோரும் நானும் சேர்ந்து எங்கள் மனுவில் எழுதிய வாசகம் இது. உங்களுக்குப் பொருந்துமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

“பதவி அதிகாரத்தைப் பயன்படுத்தாமல், வற்புறுத்தல் இன்றி, பணிக்கு இடையூறு இல்லாமல், வயதுவந்த இருவரிடையே தனிமையில் நிகழும் உறவு 45, 46, 63 ஆகிய பிரிவுகளின்கீழ்க் குற்றமாகாது என்று விளக்கம் சேர்க்குமாறும், ஒருவர் தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படுத்துவது ஆள்சேர்ப்பையோ பதவி உயர்வையோ பணிநீட்டிப்பையோ பாதிக்கலாகாது என்று விதி இயற்றுமாறும், கொடூரமும் வற்புறுத்தலும் இப்போது உள்ளபடியே தண்டனைக்குரியனவாக நீடிக்குமாறும் வேண்டுகிறோம்.”

கோரிக்கைக்கு ஆதரவாகச் சான்று காட்டும்போது பத்து நாடுகளின் பெயரை அடுக்குவதைவிட ஒரு நாட்டை முழுமையாகச் சொல்வது நல்லது. நான் பரிந்துரைப்பது பிரிட்டன். நம் படையின் சட்டமும் பழக்கமும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை. தன்பாலீர்ப்பாளர்கள் படையில் இருக்கக்கூடாது என்று அங்கு இருந்த தடையை நீக்கினால் கட்டுக்கோப்பு குலையும் என்று அங்கும் வாதிட்டார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999 செப்டம்பரில் பிரிட்டன் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2000 ஜனவரி 12 அன்று தடை நீங்கியது. அதன் இடத்தில், ஆண் பெண் உறவு, ஒரே பாலினத்தார் உறவு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நடத்தை நெறி வந்தது. ஒரு செயல் படையின் செயல்திறனைக் கெடுத்ததா என்பதுதான் அதில் கேட்கப்படும் கேள்வி. அஞ்சிய குலைவு நேரவில்லை. 2023 ஜூலையில் பிரதமர் ரிஷி சுனக், பழைய தடைக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அமெரிக்காவைச் சொல்ல விரும்பினால், மறைத்தால் மட்டுமே படையில் இருக்கலாம் என்ற “கேட்காதே, சொல்லாதே” கொள்கையின்கீழ் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்ட பிறகு, 2011 செப்டம்பர் 20 அன்று அக்கொள்கை முடிவுக்கு வந்தது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள்.

இன்னொரு வாதத்தை என் அலுவலக அனுபவத்திலிருந்து சேர்ப்பேன். மறைக்க ஒன்று இருப்பவனை மிரட்ட முடியும். பர்ஸில் இருக்கும் அந்தப் படம் பொய் என்று தெரிந்துகொள்ளும் எவரும் அவனிடம் பணமும் கேட்கலாம், தகவலும் கேட்கலாம். மறைக்கத் தேவையில்லாத சிப்பாயிடம் அந்தப் பிடி எவருக்கும் கிடைக்காது. பாதுகாப்பின் பெயரால் எதிர்ப்பவர்களிடம் இதைத்தான் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மனுவில் வரக்கூடாதது, பணியில் இருப்பவரை அடையாளம் காட்டும் எதுவும். எங்கள் முதல் வரைவில் பையனின் பெயர் இல்லை. ஆனால் பட்டாலியன் எண்ணும் விடுப்பு மாதமும் இருந்தன. இரவு பதினோரு மணிக்கு உரக்கப் படித்துப் பார்த்தபோது அவனுடைய அம்மாதான், “இது போதுமுங்களே, அவந்தான்னு கண்டுபுடிச்சுருவாங்களே” என்றார். ஒரு கிளார்க்கின் கண்ணுக்குத் தப்பியது தாயின் காதுக்குத் தப்பவில்லை. அவனுடைய சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லும் எழுதாதீர்கள். சம்மதித்தாலும் அவன் கையொப்பமிட வேண்டாம்.

சொற்களிலும் கவனம் தேவை. நோய், குறை, பழக்கம் போன்ற சொற்கள் வேண்டாம். உலக சுகாதார அமைப்பு 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் பிறப்பித்த உத்தரவுகளைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2022இல் மரியாதையான சொற்களின் தொகுப்பை அரசிதழில் வெளியிட்டது. அதைப் பார்த்து எழுதுங்கள்.

அனுப்பும் முறை எளிது, ஆனால் கண்டிப்பானது. மனு மக்களவையை நோக்கி, அவை விதிகளின் இணைப்பில் உள்ள படிவப்படி இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பு உடன் வேண்டும். ஒவ்வொருவரும் முழுப்பெயரும் முகவரியும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கடிதமோ பத்திரிகைத் துணுக்கோ இணைக்கக்கூடாது. இது தெரியாமல் நாங்கள் துணுக்குகளைச் சேர்த்து வைத்திருந்து, கடைசி நேரத்தில் பிரித்தெடுத்தோம். மனுவை அவையில் முன்வைக்கும் மக்களவை உறுப்பினர் அதில் மேலொப்பமிட வேண்டும். மாவட்டத்தைப் பார்த்து உறுப்பினரைத் தேடிப் போகாதீர்கள்: கோபியும் பவானியும் ஈரோடு மாவட்டத்தில் இருந்தாலும் திருப்பூர் தொகுதியில் வருகின்றன, காங்கேயமும் தாராபுரமும் திருப்பூர் மாவட்டத்தில் இருந்தாலும் ஈரோடு தொகுதியில் வருகின்றன, மேட்டுப்பாளையமும் அவினாசியும் நீலகிரி தொகுதியைச் சேர்ந்தவை.

உறுப்பினரைச் சந்திக்கும்போது தாயையோ தந்தையையோ பேசச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மகனை அடையாளம் காட்டிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. மூன்று நான்கு முன்னாள் படைவீரர்கள் பதக்கம் அணிந்து போய்ப் பேசுவதே மேல்.

மனுவோடு சேர்த்தே ஒரு தகவல் உரிமை விண்ணப்பமும் போடுங்கள். எல்லைப் பாதுகாப்புப் படையும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் (சிஆர்பிஎஃப்) தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு பெற்ற அமைப்புகளின் பட்டியலில் உள்ளன. ராணுவம் அதில் இல்லை. கட்டணம் 10 ரூபாய். பெயர்களைக் கேட்காமல், 2018 செப்டம்பருக்குப் பிறகு 46ஆம் பிரிவின் முதல் உட்பிரிவின்கீழ் நடந்த கோர்ட் மார்ஷல்கள் (ராணுவ நீதிமன்ற விசாரணைகள்) எத்தனை, அவற்றில் வற்புறுத்தல் குற்றச்சாட்டு இல்லாதவை எத்தனை என்று எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். 30 நாட்களில் விடை வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். ஒப்புகைச் சீட்டை மனுவின் நகலோடு ஒரே கோப்பில் வையுங்கள். எங்கள் கோப்பு என் பழைய டிரங்குப் பெட்டியில், பணிவிடுப்புப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது.