மாடித் தோட்டத்தில் கத்தரி: நுனி வாடும் கட்டத்தைக் கடப்பது எப்படி?

கத்தரி நட்ட வீடுகளில் பெரும்பாலானோர் கைவிடுவது நாற்று வளர்க்கும்போது அன்று. செடி நன்றாகத் தழைத்து, முதல் பிஞ்சுகள் தெரியத் தொடங்கிய பிறகுதான். எனவே தொடக்க வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்தக் கட்டத்தை விரிவாக எழுதுகிறேன்.

விதையும் நாற்றும்

வைகாசி, ஆனி மாதங்களிலோ மார்கழி, தையிலோ விதைக்கலாம். நாட்டு ரகங்களையே நான் பரிந்துரைப்பேன். அவற்றிலிருந்து அடுத்த பட்டத்திற்கு விதை எடுத்து வைத்துக்கொள்ள முடியும். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரியின் சுவைக்கு ஈடாக நான் வேறொன்றைச் சொல்ல மாட்டேன். குழித்தட்டில் விதைத்தால், பிடுங்கி நடும்போது வேர் அறுபடாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளைத்து, 30 முதல் 35 நாட்களில் நாற்று நடவுக்குத் தயாராகிவிடும். வெயில் தாழ்ந்த பிறகு நடுவது நல்லது.

பையும் மண்ணும்

பன்னிரண்டு அங்குலப் பையிலும் கத்தரி வளரும். ஆயினும் பல மாதங்கள் நின்று காய்க்கும் செடி என்பதால், பதினைந்து அங்குலப் பையே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு மண்புழு உரம் அல்லது மக்கிய சாணம், ஒரு பங்கு மக்கிய தென்னை நார்க்கழிவு, இவற்றுடன் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும். பையின் அடியில் நீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்பதை ஐப்பசி மழைக்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும். வேரில் நீர் தேங்குவதைக் கத்தரி தாங்காது. ஒரு பைக்கு ஒரு செடி மட்டுமே.

நுனி வாடும் கட்டம்

நட்டுச் சில வாரங்கள் ஆனதும், செடி முழுவதும் பசுமையாக இருக்க, ஏதோ ஒரு கிளையின் நுனி மட்டும் தலை கவிழ்ந்து தொங்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைத் தண்ணீர்க் குறை என்று கருதி மேலும் ஊற்றுகிறார்கள். நீர் போதாத செடியில் இலைகள் எல்லாம் ஒருசேரத் தளர்ந்து, நீர் கிடைத்ததும் நிமிர்ந்துவிடும். ஒரு நுனி மட்டும் தொங்கினால், அதற்குள் தண்டு மற்றும் காய்த் துளைப்பான் புழு புகுந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

வாடிய பகுதிக்கு இரண்டு அங்குலம் கீழே, தண்டு விறைப்பாக உள்ள இடத்தில் வெட்டி, அந்தத் துண்டை நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளிருந்த சோறு தின்னப்பட்டுக் குழலாகி, ஈரமான எச்சம் அடைந்திருக்கும். அதன் கோடியில் இளஞ்சிவப்புப் புழு கிடக்கும். வெட்டு வாயில் இன்னும் துளை தெரிந்தால், அது மறையும் வரை சற்றுக் கீழே மீண்டும் வெட்ட வேண்டும். வெட்டிய துண்டை உரக்குழியில் போடாமல், சோப்பு நீரில் அமிழ்த்திப் புழுவை அழித்துவிட வேண்டும். கிளையை இழக்கிறோமே என்று வருந்த வேண்டாம். வெட்டிய இடத்திற்குக் கீழிருந்து பக்கக் கிளைகள் வரும்.

இதில் ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், தண்டில் விட்டுவைத்த புழுவின் அடுத்த தலைமுறைதான் காய்க்குள் போகிறது. அது பெரும்பாலும் காம்பை ஒட்டிய பச்சைத் தோட்டின் அடியில் நுழைவதால், நுழைந்த தடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காயின் மேல் நாம் காணும் பெரிய துளை, முழுதாக வளர்ந்த புழு வெளியேறிய வழியாகும். வெளியேறிய புழு கீழே உதிர்ந்து கிடக்கும் சருகுகளில் கூடு கட்டிக்கொள்ளும். ஆகவே பையின் மேலும் தரையிலும் கிடக்கும் இலைகளை வாரந்தோறும் அகற்ற வேண்டும்.

உள்ளே போய்விட்ட புழுவை எந்தத் தெளிப்பும் எளிதில் எட்டாது. வேம்பின் பயன் முட்டையிடும் கட்டத்திலும், பொரித்த புழு தண்டில் நுழைவதற்கு முன்பும்தான். இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமைத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலைகளின் அடிப்புறம் நனையுமாறு வாரம் ஒருமுறை தெளிக்கலாம். கடை வேப்பெண்ணெயைவிட இதையே நான் விரும்புகிறேன். மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈக்கு உதவும். இந்தத் துளைப்பானின் அந்துப்பூச்சிக்கு அதை நம்ப வேண்டாம். இனக்கவர்ச்சிப் பொறி ஆண் அந்துப்பூச்சிகளை ஈர்க்கும் என்றாலும், நான்கைந்து செடிகள் உள்ள மாடிக்குக் கத்தரிக்கோலும் காலை நேரத்துப் பார்வையும் போதும்.

அறுவடை

காயின் தோல் பளபளப்பாக இருக்கும்போதே காம்புடன் வெட்டி எடுங்கள். பளபளப்பு மங்கினால் விதை முற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பின்னர் சேர்த்தவை

பூக்கள் எல்லாம் உதிர்கின்றன என்று பலர் கேட்டிருந்தார்கள். கத்தரியில் சூல்தண்டு நீண்ட பூக்களும் குட்டையான பூக்களும் ஒரே செடியில் பூக்கும். குட்டையானவை பெரும்பாலும் காயாவதில்லை என்பதால், ஓரளவு உதிர்வது இயல்பே. பூவை நேராகப் பாருங்கள்: மஞ்சள் மகரந்தப் பைகளுக்கு வெளியே பச்சை நுனி நீண்டு தெரிந்தால் அது காய்க்கக்கூடிய பூ. அத்தகைய பூவும் உதிர்ந்தால், கடும் வெயிலோ தழைச்சத்து மிகுதியோ காரணமாக இருக்கலாம். தேனீ வராத மாடிகளில், காலையில் பூத்த கிளையை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள்.

இன்னொரு வாசகர் அனுப்பிய படத்தில், இலைகள் மிகச் சிறுத்து, கொத்துக் கொத்தாக நெருங்கி, பூவே இல்லாமல் செடி புதர்போல நின்றது. அது புழுவின் வேலையன்று; தத்துப்பூச்சி பரப்பும் சிற்றிலை நோய். அதற்கு வெட்டிவிடுவது பயன் தராது. அந்தச் செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மற்றச் செடிகளின் இலை அடிப்புறங்களில் தத்துப்பூச்சி இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.