எருக்கம்பூவில் மகரந்தம் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வெற்றிடம் கிடைத்த இடமெல்லாம் எருக்கு முளைத்து நிற்கிறது. பிளஸ் டூ தாவரவியல் படிக்கும் வட சென்னைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஆனால் பூவைப் பறித்ததும் பலர் அதை விரலில் தேய்த்துப் பார்க்கிறார்கள். செம்பருத்தியில் ஒட்டும் மஞ்சள் தூள் இதில் ஒட்டாது. எருக்கின் மகரந்தம் தூளாக உதிர்வதே இல்லை. மெழுகுத்தன்மையுள்ள பொதியாகத் திரண்டிருக்கிறது. அதுதான் பொலினியம்.

நடுவிலுள்ள ஐங்கோண மேடையின் மூலைகளில் தெரியும் கரும்புள்ளிகளை மகரந்தம் என்று நினைப்பது அடுத்த தவறு. அது கார்பஸ்குலம், கொடியில் துணிக்குப் போடும் கிளிப் போன்ற பிடிப்பான். அதற்குக் கீழே ஒரு பிளவு. நன்றாக விரிந்த பூவில், குண்டூசி முனையைப் பிளவின் அடியில் நுழைத்து மெல்ல மேல்நோக்கி இழுத்தால், கரும்புள்ளியோடு இரண்டு மஞ்சள் பொதிகளும் சேர்ந்து வரும். அவசரப்பட்டால் புள்ளியையும் பொதியையும் இணைக்கும் மெல்லிய காம்பு அறுந்துவிடும்.

விடைத்தாளில் அதிகம் தவறுவது இங்கேதான். அந்த இரண்டு பொதிகளும் ஒரே மகரந்தப்பையைச் சேர்ந்தவை என்று வரைந்துவிடுகிறார்கள். இல்லை. பக்கத்துப் பக்கத்துப் பைகள் இரண்டிலிருந்து ஒவ்வொன்றாக வந்து, இடையிலுள்ள கரும்புள்ளியில் இணைகின்றன. ஐந்து பைகள், பத்துப் பொதிகள், ஐந்து ஜோடிகள். இதை மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை ஊசியால் எடுத்துப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

இதைச் சுமப்பது பெரும்பாலும் பெரிய கருந்தேனீ. அது வருவது தேனுக்காக. தேனீக்கள் பின்னங்காலில் உணவாகச் சேர்க்கும் மகரந்த உருண்டையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காலோ வாயுறுப்போ பிளவில் சிக்கி வெளிவரும்போது பொதி மாட்டிக்கொள்கிறது. இன்னொரு பூவின் பிளவில் செருகி நின்றுவிடுகிறது. ஒரு பொதி சரியாகச் செருகினால் ஒரு காயின் விதைகளுக்குப் போதும்.

பூ பறித்த கையால் கண்ணைத் தொடவே கூடாது. எருக்கம்பால் கருவிழியைப் பாதித்துப் பார்வையை மங்கச் செய்யும். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஆர்க்கிட்டிலும் பொலினியம் உண்டு என்பதால் இதே படத்தை அதற்கும் வரைவார்கள். அங்கே கிளிப் கிடையாது, பசை. ஐரோப்பிய ஆர்க்கிட் ஒன்றில், பூச்சியின் மேல் நிமிர்ந்து ஒட்டிய பொதி சுமார் 30 விநாடிகளில் முன்புறமாகச் சாய்ந்து, அடுத்த பூவின் சூல்முடிக்கு நேராக வந்துவிடுவதை டார்வின் 1862இல் விளக்கியிருக்கிறார்.