நடை பழகிய குழந்தையோடு கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போவது எப்படி?

கிண்டி தேசியப் பூங்காவைக் காடு என்றே சொல்லலாம். சென்னைக்கு நடுவில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதன் ஓரத்தில்தான் சிறுவர் பூங்கா இருக்கிறது. ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு மரம், மண், விலங்கு மூன்றையும் ஒரே காலையில் காட்ட இதைவிட வசதியான இடம் நகரத்துக்குள் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் நாளைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிறும் காணும் பொங்கலும் வேண்டாம், அன்றைய கூட்டத்தில் குழந்தைக்குப் பெரியவர்களின் கால்கள்தான் தெரியும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். காலையில் திறந்தவுடன் நுழைந்து, பகல் தூக்கத்துக்கு முன் வீடு திரும்புகிற மாதிரி கிளம்புங்கள்.

அடுத்து பை. தண்ணீர், தொப்பி, மாற்றுத்துணி, டயபர், ஈரத் துடைப்பான், இவை போதும். காலை மூடும் செருப்பு நல்லது. சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து நடக்க விடாதீர்கள், இந்தப் பக்கம் குரங்குகள் உண்டு.

உள்ளே போனதும் நேராக மான்களிடம் போங்கள். ஒரு கூண்டுக்கு இரண்டு நிமிடம் என்று ஓட வேண்டாம். அன்றைக்கு மான் மட்டும் பார்த்தாலே தாராளம். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, "காது ஆடுது பார்", "புல்லு தின்னுது பார்" என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். கொஞ்சம் பெரிய குழந்தை என்றால் கொம்பைக் காட்டலாம்: வெளிமான் கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, அது உதிராது, புள்ளிமான் கிடாவுக்குக் கிளை விட்ட கொம்பு, உதிர்ந்து மறுபடி முளைக்கும். கம்பி வழியாக எதையும் தின்னக் கொடுக்காதீர்கள்.

அப்புறம்தான் உண்மையான விருந்து, அது தரையில் இருக்கிறது. இந்த வயதுக் குழந்தையின் கண் தரைக்கு மிக அருகில் இருப்பதால், நாம் தாண்டிப் போகிற எறும்பு வரிசை முன்னால் அது உட்கார்ந்துவிடும். இழுக்காதீர்கள், நீங்களும் உட்காருங்கள். மழைக்குப் பிறகு போனால் ரயில் பூச்சி, அதாவது மரவட்டை, கண்ணில் படலாம். எத்தனையோ கால்கள் ஓர் அலையாக நகர்வதைப் பார்க்கும்போது எங்கள் பெண் மூச்சுக்கூட விடமாட்டாள். லேசாகக் குச்சி பட்டால் அது சுருண்டு வட்டமாகிவிடும். கொஞ்ச நேரம் அசையாமல் காத்திருந்தால் மெல்ல விரிந்து நடக்கும். சில வகை மரவட்டைகள் எரிச்சல் தரும் திரவத்தைக் கசியவிடும், அதனால் கையால் தொட விடாமல், கண்ணால் பார்க்கப் பழக்குங்கள். காய்ந்த இலை, விதை, சருகு ஆகியவற்றைத் தொடலாம். வாய்க்குப் போகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

கண்ணைக் கசக்கினால், தோளில் சாய்ந்தால், காரணமில்லாமல் சிணுங்கினால், சரி, போதும். பக்கத்திலேயே பாம்புப் பண்ணை இருக்கிறதே என்று அன்றைக்கே நுழையாதீர்கள். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, தண்ணீர் கொடுத்து, வெளியே வந்து ஆட்டோ பிடியுங்கள்.